டர்னர் சிண்ட்ரோம்: ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைந்தால் உடலில் என்னென்ன மாறும்? ஏன் எல்லோருக்கும் ஒரே மாதிரி மாறுவதில்லை?

"பொண்ணுக்கு 15 வயசாகுது, இன்னும் பெரியவளாகலை."

டர்னர் சிண்ட்ரோம் என்ற பெயரை நம் ஊர்க் குடும்பங்கள் முதன்முதலாகக் கேள்விப்படுவது பெரும்பாலும் இந்த ஒரு வரிக்குப் பிறகுதான். பள்ளித் தோழிகள் எல்லோருக்கும் மஞ்சள் நீராட்டு முடிந்திருக்கும். உறவினர்கள் விசாரிக்கத் தொடங்குவார்கள். அதன் பிறகு மகப்பேறு மருத்துவர், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கடைசியில் ஒரு குரோமோசோம் அறிக்கை. அதில் "45,எக்ஸ்" என்று இருக்கும்.

ஆனால் அந்தப் பெண்ணின் உடல் அதற்குப் பத்து வருடங்கள் முன்பே சொல்லத் தொடங்கியிருக்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே பிரேயர் வரிசையில் அவள்தான் முதலில் நிற்பாள். செருப்பு அளவு வருடக்கணக்கில் மாறாது. அடிக்கடி காதுவலி வரும். "அவங்க பாட்டியும் குள்ளம்தான்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். உயரத்துக்கான சிகிச்சை பலன் தருவதும் சரியாக அந்தப் பத்து வருடங்களில்தான்.

உலக அளவில் பிறக்கும் பெண் குழந்தைகளில் சுமார் 2,000 முதல் 2,500 பேருக்கு ஒருவருக்கு இந்த நிலை இருக்கிறது. ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கோலார் தங்கவயல் இருக்கும் கோலார் மாவட்டத்தில் பெண்கள் சுமார் 7.6 லட்சம் பேர். 2,500-க்கு ஒருவர் என்று வைத்தால் 300 பேர். தமிழ்நாட்டில் பெண்கள் சுமார் 3.6 கோடி. அதே விகிதத்தில் 14,400 பேர். இது தோராயமான கணக்குதான், யாரும் வீடு வீடாகப் போய் எண்ணியது அல்ல. ஆனாலும் ஒரு மாவட்டத்துக்கு 300 பேர் என்பது "நாங்க கேள்விப்பட்டதே இல்லையே" என்று சொல்லக்கூடிய எண்ணிக்கை இல்லை. உங்களுடன் படித்த ஒருவருக்கு இது இருந்திருக்கலாம். உங்களுக்கும் தெரிந்திருக்காது, சில நேரம் அவருக்கும் தெரிந்திருக்காது.

குரோமோசோமில் என்ன நடக்கிறது?

மனித செல்லில் 46 குரோமோசோம்கள். அதில் பாலினக் குரோமோசோம்கள் இரண்டு: பெண்ணுக்கு எக்ஸ்எக்ஸ், ஆணுக்கு எக்ஸ்ஒய். டர்னர் சிண்ட்ரோமில் இரண்டாவது எக்ஸ் முழுவதுமாக இருக்காது, அல்லது அதன் ஒரு பகுதி இருக்காது, அல்லது சில செல்களில் இருந்து சில செல்களில் இருக்காது. இந்த மூன்றும் ஒரே பெயருக்குக் கீழ் வருகின்றன. இந்த நோயில் வரும் குழப்பங்களில் பாதிக்குக் காரணம் இதுதான்.

யாரால் வந்தது என்ற கேள்வி உடனே எழும். நம் வீடுகளில் அது நேராக அம்மாவின் பக்கம் திரும்பும். தரவு அப்படிச் சொல்லவில்லை. 45,எக்ஸ் உள்ள பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேரிடம் மிஞ்சியிருப்பது தாயிடமிருந்து வந்த எக்ஸ்தான். அதாவது பெரும்பாலும் காணாமல் போனது தந்தை வழியாக வந்திருக்க வேண்டிய குரோமோசோம். அதற்காகக் குற்றத்தை அப்பா மேல் போடவும் முடியாது. விந்தணு உருவாகும்போதோ, கரு பிரியத் தொடங்கும் முதல் சில நாட்களிலோ நடக்கும் தற்செயலான பிழை இது. டவுன் சிண்ட்ரோமைப் போலத் தாயின் வயது கூடக் கூட இதன் வாய்ப்பு கூடுவதில்லை. மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. தென்னிந்தியாவில் மரபணுப் பிரச்சனை என்றாலே முதலில் வரும் கேள்வி அது என்பதால் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு கடினமான உண்மையும் உண்டு. 45,எக்ஸ் கொண்ட கருக்களில் சுமார் 99 சதவீதம் கருச்சிதைவில் முடிந்துவிடுகின்றன. பிறந்து வளரும் பெண்கள் மீதமுள்ள அந்த ஒரு சதவீதம். இத்தனை கருக்கள் நிலைக்காதபோது சிலர் மட்டும் எப்படிப் பிழைக்கிறார்கள்? அவர்கள் உடலில் எங்கோ, குறிப்பாக நஞ்சுக்கொடியில், இரண்டாவது பாலினக் குரோமோசோம் உள்ள செல்கள் கொஞ்சமாவது ஒளிந்திருக்க வேண்டும் என்று சில மரபியலாளர்கள் கருதுகிறார்கள். இது இன்னும் கருதுகோள்தான்.

"ஒரு எக்ஸ் எப்படியும் தூங்கத்தானே செய்கிறது?"

பள்ளியில் உயிரியல் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று செயலிழக்கச் செய்யப்படுகிறது என்று 1961-ல் மேரி லயன் சொன்னார். அப்படியென்றால் தூங்கும் எக்ஸ் இல்லாமல் போனால் என்ன நஷ்டம்?

அது முழுத் தூக்கம் இல்லை என்பதுதான் பதில். அந்த எக்ஸில் உள்ள மரபணுக்களில் குறைந்தது 15 சதவீதம் விழித்தே இருக்கின்றன. இரண்டு பிரதிகளும் வேலை செய்ய வேண்டிய மரபணுக்கள் அவை. ஆண்களிடம் ஒரு எக்ஸ்தானே இருக்கிறது என்று கேட்கலாம். அவர்களுக்கு அந்த முக்கியமான மரபணுக்களில் பலவற்றின் ஜோடி ஒய் குரோமோசோமில் இருக்கிறது. டர்னர் பெண்ணுக்கு அந்த ஜோடி எக்ஸிலும் இல்லை, ஒய்யிலும் இல்லை. பிரச்சனை அளவில்தான்: இரண்டு பங்கு தேவைப்படும் இடத்தில் ஒரு பங்கு மட்டும் கிடைக்கிறது.

இதற்குத் தெளிவான உதாரணம் ஷாக்ஸ் என்ற மரபணு. 1997-ல் அடையாளம் காணப்பட்டது. எக்ஸின் குட்டைக் கையின் நுனியில் இருக்கிறது, ஒய்யின் நுனியிலும் இருக்கிறது. எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதியில் வேலை செய்கிறது. ஒரு பிரதி குறைந்தால் உயரம் குறைகிறது. முழங்கை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் வளைந்து நிற்பது, கையில் நான்காவது விரலுக்குக் கீழே உள்ள எலும்பு குட்டையாக இருப்பது, மேலண்ணம் குறுகி உயர்ந்திருப்பது ஆகியவற்றிலும் இதற்குப் பங்கு இருக்கிறது. முஷ்டியை மடக்கினால் நான்கு கணு மேடுகளுக்குப் பதில் ஒரு இடத்தில் பள்ளம் தெரியும். மருத்துவர் கையை மடக்கச் சொல்லிப் பார்ப்பது இதைத்தான்.

சிகிச்சை எடுக்காத டர்னர் பெண்ணின் இறுதி உயரம், அந்தந்த நாட்டுப் பெண்களின் சராசரியைவிட சுமார் 20 சென்டிமீட்டர் குறைவாக இருக்கும். ஆனால் பெற்றோரின் உயரம் இங்கேயும் செல்லுபடியாகும். அப்பா அம்மா இருவரும் நல்ல உயரம் என்றால் டர்னர் பெண் 150 சென்டிமீட்டரைத் தொட்டுவிடக்கூடும். நம் ஊரில் அது யார் கண்ணையும் உறுத்தாத உயரம்.

அதனால்தான் ஊர் சராசரியுடன் ஒப்பிடாமல் வீட்டு சராசரியுடன் ஒப்பிட வேண்டும். கணக்கு எளிது: அப்பாவின் உயரத்தில் 13 சென்டிமீட்டரைக் கழித்து, அம்மாவின் உயரத்தைக் கூட்டி, இரண்டால் வகுங்கள். அப்பா 170, அம்மா 156 என்றால் மகள் எட்ட வேண்டியது சுமார் 156.5. வளர்ச்சி வரைபடத்தில் மகளின் கோடு 140-ஐ நோக்கிப் போய்க்கொண்டிருந்தால், "பாட்டி குள்ளம்" என்ற விளக்கம் போதாது.

கழுத்து ஏன் அப்படி இருக்கிறது?

பாடப்புத்தகப் படங்களில் டர்னர் என்றாலே கழுத்தின் இரு பக்கமும் தோல் விரிந்து தோளோடு சேர்ந்திருக்கும் ஒரு பெண் இருப்பார். அது தோல் பிரச்சனை இல்லை, நிணநீர் பிரச்சனை.

கரு வளரும்போது கழுத்தில் உள்ள நிணநீர்ப் பைகள் அருகிலிருக்கும் ரத்தக்குழாயுடன் இணைய வேண்டும். டர்னரில் இந்த இணைப்பு தாமதமாகிறது அல்லது சரியாக நடப்பதில்லை. நீர் தேங்கிக் கழுத்து பலூன் மாதிரி உப்புகிறது. பின்னர் வழி திறந்து நீர் வடிந்துவிட்டால், இழுபட்ட தோல் மட்டும் மடிப்பாக மிஞ்சுகிறது. பின்கழுத்தில் முடி தாழ்வாக இறங்கியிருப்பதும், காது சற்றுக் கீழிறங்கித் திரும்பியிருப்பதும் அதே வீக்கத்தின் விளைவுகள். பிறந்த குழந்தையின் கையும் காலும் மேல்பக்கம் பன்னு மாதிரி வீங்கியிருப்பதும், நகங்கள் மேல்நோக்கி இருப்பதும் அதனால்தான். அந்த வீக்கம் சில மாதங்களில், சில வருடங்களில் தானாக வடிந்துவிடும். வடிந்ததும் மறந்துவிடுவார்கள். உண்மையில் அது இந்த நிலையின் முதல் அடையாளம்.

இந்தக் கழுத்து தோற்றத்தோடு நிற்கும் விஷயமும் இல்லை. கழுத்து மடிப்பு உள்ளவர்களுக்கு இதயக் கோளாறு இருக்கும் வாய்ப்பு, மடிப்பு இல்லாத டர்னர் பெண்களைவிடத் தெளிவாக அதிகம். பெருந்தமனி வால்வில் மூன்று இதழ்களுக்குப் பதில் இரண்டு மட்டும் இருப்பது, பெருந்தமனி ஓரிடத்தில் குறுகியிருப்பது ஆகிய இரண்டும்தான் இங்கே அதிகம் காணப்படுபவை. எனவே கழுத்தைப் பார்த்த மருத்துவர் எக்கோ எழுதுவது சம்பிரதாயத்துக்கு இல்லை. மடிப்பு இல்லாதவர்களுக்கும் எக்கோ தேவை, ஏனென்றால் அவர்களிலும் சிலருக்கு இந்த வால்வு இருக்கும்.

சினைப்பையின் கதை வேறு. டர்னர் கருவில் முட்டைகள் உருவாகாமல் போவதில்லை. கர்ப்பத்தின் நடுப்பகுதி வரை கிட்டத்தட்ட இயல்பாகவே உருவாகின்றன. பின்னர் வேகமாக அழிகின்றன. முட்டை செல்லில் மட்டும் இரண்டு எக்ஸும் விழித்திருக்க வேண்டும், ஒன்று இல்லாதபோது அவை தாக்குப்பிடிப்பதில்லை. மற்ற பெண்களுக்கு ஐம்பது வயதுவாக்கில் தீரும் இருப்பு, பல டர்னர் பெண்களுக்குப் பத்து வயதுக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. கருப்பை இருக்கும், ஆனால் ஹார்மோன் வராததால் குழந்தைப் பருவ அளவிலேயே நின்றிருக்கும். ஸ்கேன் அறிக்கையில் "சிறிய கருப்பை" என்று வருவதைப் படித்துவிட்டு "கர்ப்பப்பையே வளரலையாம்" என்று வீட்டில் அழுவார்கள். ஹார்மோன் கொடுத்தால் அது வளரும்.

எந்தக் குரோமோசோம் மாற்றத்துக்கு எந்த அடையாளம்?

இங்கேதான் அறிக்கையில் உள்ள எழுத்துகளைப் படிக்கத் தெரிய வேண்டும். டர்னர் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் எல்லா செல்லிலும் 45,எக்ஸ். கழுத்து மடிப்பு, பிறவி வீக்கம், இதயக் கோளாறு ஆகியவை அதிகம் இருப்பது இந்தக் குழுவில்.

அடுத்த பெரிய குழு மொசைக்: சில செல்களில் 45,எக்ஸ், சில செல்களில் 46,எக்ஸ்எக்ஸ். இவர்களில் பலருக்கு வெளித்தோற்றத்தில் ஒன்றுமே தெரியாது. சிலர் தானாகவே பருவமடைவார்கள். சிலர் இயல்பாகக் கருத்தரிப்பார்கள்.

எக்ஸின் குட்டைக் கை மட்டும் இல்லாவிட்டால் ஷாக்ஸ் போய்விடுகிறது, எனவே உயரமும் எலும்பும் பாதிக்கப்படும். நீண்ட கையின் ஒரு பகுதி மட்டும் இல்லாவிட்டால் உயரம் ஓரளவு தப்பலாம், ஆனால் சினைப்பை சீக்கிரம் ஓய்ந்துவிடும். இந்த ஒப்பீடுதான் "எந்த அடையாளத்துக்கு எக்ஸின் எந்தப் பகுதி பொறுப்பு" என்ற வரைபடத்தையே விஞ்ஞானிகளுக்குக் கொடுத்தது.

ஐசோகுரோமோசோம் என்று அறிக்கையில் வந்தால், இரண்டாவது எக்ஸ் குட்டைக் கையை இழந்து, நீண்ட கையை இருமடங்காகக் கொண்டிருக்கிறது என்று பொருள். உயரத்தில் இவர்கள் 45,எக்ஸ் குழுவைப் போலத்தான். தைராய்டைத் தன் உடலே தாக்கும் பிரச்சனை இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

வளைய எக்ஸ் என்பது குரோமோசோமின் இரு முனைகளும் உடைந்து ஒட்டி வளையமானது. பெரும்பாலான டர்னர் பெண்களின் பொது அறிவுத்திறன் இயல்பானது. கணக்கும், இடம், திசை, வரைபடம் சார்ந்த விஷயங்களும் கொஞ்சம் சிரமப்படுத்தலாம், அவ்வளவுதான். ஆனால் மிகச் சிறிய வளையம் என்றால் அதில் எக்ஸிஸ்ட் என்ற மரபணு இல்லாமல் போகலாம். எக்ஸைத் தூங்க வைக்கும் சுவிட்ச் அது. சுவிட்ச் இல்லாததால் அந்த வளையம் முழுநேரமும் விழித்திருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு அறிவு வளர்ச்சி கடுமையாகப் பாதிக்கப்படலாம். குறைவாக இருப்பது போலவே கூடுதலாக இருப்பதும் ஆபத்து என்பதற்கு இந்தச் சின்ன வளையம் ஒரு சாட்சி.

கடைசியாக, அறிக்கையில் ஒய் என்ற எழுத்து இருந்தால். சுமார் 10 சதவீதம் பேருக்கு 45,எக்ஸ் செல்களோடு ஒய் உள்ள செல்களும் இருக்கும். நான் இதை வெளிப்படையாக எழுதக் காரணம், குடும்பங்களிடம் இது மறைக்கப்படுவதோ திரித்துச் சொல்லப்படுவதோ உண்டு. பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளரும் இவர்கள் பெண்கள்தான். ஒய் இங்கே எழுப்பும் கேள்வி பாலினம் பற்றியது அல்ல, புற்றுநோய் பற்றியது. வளர்ச்சியடையாத சினைப்பையில் ஒய் பொருள் இருந்தால் அங்கே கட்டி உருவாகும் வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று என்று மதிப்பிடப்படுகிறது. அதனால் அந்தத் திசுவை அறுவை சிகிச்சையில் எடுத்துவிடப் பரிந்துரைக்கிறார்கள். இந்த ஒரு எழுத்தைத் தவறவிடக் கூடாது.

அறிக்கையை எவ்வளவு நம்பலாம்?

கேரியோடைப் என்பது இன்றும் ஒரு கைவேலை. ஹெபாரின் கலந்த குழாயில் சில மில்லி ரத்தம் எடுத்து, வெள்ளணுக்களை 37 டிகிரியில் சுமார் 72 மணி நேரம் வளர்ப்பார்கள். செல் பிரியும் தருணத்தில் அதை நிறுத்தி, உப்பு நீரில் ஊதவைத்து, கண்ணாடித் தகட்டில் சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஒவ்வொரு செல்லாக எண்ணுவார்கள். எத்தனை செல்கள் எண்ணினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒருவரின் ரத்தத்தில் 10 சதவீத செல்கள் மட்டும் வேறு மாதிரி என்று வைப்போம். 20 செல்கள் எண்ணினால், அந்த வேறு மாதிரியில் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போக 12 சதவீத வாய்ப்பு. 30 செல்கள் எண்ணினால் 4 சதவீதம். டர்னர் சந்தேகத்தில் 30 செல்கள் எண்ண வேண்டும் என்று சொல்வதன் கணக்கு இதுதான். உங்கள் கையில் அறிக்கை இருந்தால் "எண்ணப்பட்ட செல்கள்" என்ற வரியைத் தேடிப் பாருங்கள். சந்தேகம் வலுவாக இருந்து ரத்தம் இயல்பாக வந்தால், கன்னத்தின் உள்பக்கத் திசு போன்ற வேறு இடத்தில் பார்க்கவும் மருத்துவர் சொல்லலாம். ரத்தத்தில் உள்ள விகிதம்தான் சினைப்பையிலும் இதயத்திலும் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரே அறிக்கை கொண்ட இருவர் வேறு வேறாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைத் தரவாகப் பார்க்க ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. பிரிட்டனின் யுகே பயோபேங்க் திட்டத்தில் சேர்ந்த 40 வயதுக்கு மேற்பட்ட 2,44,848 பெண்களின் மரபணுத் தரவை 2019-ல் வெளியான ஆய்வு அலசியது. இவர்கள் நோயாளிகள் இல்லை, தன்னார்வலர்கள். அவர்களில் 30 பேருக்கு 45,எக்ஸ், 186 பேருக்கு மொசைக் இருந்தது. முழு 45,எக்ஸ் பெண்கள் மற்றவர்களைவிட சராசரியாக 17 சென்டிமீட்டர் குள்ளம். மொசைக் பெண்கள் 4 சென்டிமீட்டர் மட்டுமே குள்ளம். குழந்தைப் பேறும் மாதவிடாய்க் காலமும் அவர்களுக்கு இயல்பாகவே இருந்தன, இதயப் பிரச்சனைகளும் பதிவாகவில்லை.

அதுவரை மருத்துவமனைக்கு வந்த மொசைக் பெண்களை வைத்துத்தான் மொசைக் எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பிரச்சனை இல்லாதவர் மருத்துவமனைக்கு ஏன் வருகிறார்? அவர்கள் கணக்கிலேயே இல்லை. தரவு வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய பிழைதான். ஆனால் இங்கே அந்தப் பிழையின் விலை வேறு. கர்ப்பிணி ஒருவரிடம் வயிற்றில் உள்ள குழந்தை மொசைக் என்று சொல்லும்போது அடுத்து என்ன சொல்கிறோம் என்பதை அது தீர்மானிக்கிறது.

கர்ப்பத்தில் "மோனோசோமி எக்ஸ்" என்று வந்தால்?

இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் பலருக்கு இது நேரடியாகத் தேவைப்படலாம். நகரத்து மகப்பேறு மருத்துவமனைகளில் இப்போது தாயின் ரத்தத்திலிருந்தே கருவின் குரோமோசோம்களைச் சோதிக்கும் என்ஐபிடி பரிசோதனை சாதாரணமாகிவிட்டது. டவுன் சிண்ட்ரோமில் இதன் துல்லியம் அதிகம். மோனோசோமி எக்ஸில் அப்படி இல்லை. "அபாயம் அதிகம்" என்று வந்தவர்களில் உண்மையிலேயே டர்னர் உறுதியாவது பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான். வயது கூடும்போது பெண்களின் ரத்தச் செல்கள் சில இயல்பாகவே ஒரு எக்ஸை இழப்பது ஒரு காரணம். தாய்க்கே தெரியாமல் அவர் மொசைக்காக இருப்பது இன்னொன்று. நஞ்சுக்கொடியில் மட்டும் மாற்றம் இருந்து கரு இயல்பாக இருப்பது மற்றொன்று.

எனவே என்ஐபிடி சலித்துப் பார்க்கும் சோதனை மட்டுமே. பனிக்குட நீர்ப் பரிசோதனைதான் உறுதி செய்யும். அதற்கு முன் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. கருவின் பாலினத்தைச் சொல்வதை 1994-ம் ஆண்டின் பிசிபிஎன்டிடி சட்டம் தடை செய்கிறது, ஆனால் குரோமோசோம் கோளாறுகளைக் கண்டறியும் பரிசோதனையை அதே சட்டம் அனுமதிக்கிறது. மரபியல் ஆலோசகரைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஸ்கேனில் கழுத்தில் நீர்க்கட்டியோ இதயத்தில் மாற்றமோ தெரிகிறதா?" என்பது. முழு 45,எக்ஸும் ஸ்கேனில் பெரிய வீக்கமும் சேர்ந்து இருப்பது ஒரு நிலைமை. ஸ்கேன் சுத்தமாக இருந்து தற்செயலாகத் தெரியவந்த மொசைக் முற்றிலும் வேறு நிலைமை. இரண்டையும் ஒரே பெயரால் சொல்லிப் பயமுறுத்துவது நியாயமில்லை.

பெயரின் கதை, சுருக்கமாக

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஹென்றி டர்னர் 1938-ல் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்: குள்ளம், கழுத்து மடிப்பு, வளைந்த முழங்கை, பருவமடையாமை. அதற்கு எட்டு வருடம் முன்பே ஜெர்மனியில் ஓட்டோ உல்ரிக் இதே தோற்றம் கொண்ட எட்டு வயதுச் சிறுமியைப் பற்றி எழுதியிருந்தார். பல பத்தாண்டுகள் கழித்து அந்தச் சிறுமியை, மூதாட்டியாக, தேடிப் பிடித்துச் சோதித்தபோது அவருக்கும் 45,எக்ஸ்தான்.

இடையில் ஒரு சங்கடமான கட்டம் இருந்தது. தூங்கும் எக்ஸ் நுண்ணோக்கியில் ஒரு புள்ளியாகத் தெரியும், அதற்கு பார் பாடி என்று பெயர். 1954-ல் லண்டனில் பால் பொலானி பார்த்தபோது டர்னர் பெண்களிடம் அந்தப் புள்ளி இல்லை. புள்ளி இல்லாதவர்கள் ஆண்கள் என்பது அன்றைய சூத்திரம். எனவே சில வருடங்கள் இவர்களை "மரபணு ரீதியாக ஆண்கள்" என்றே மருத்துவ உலகில் பலர் நினைத்தார்கள். 1959-ல் சார்லஸ் ஃபோர்டும் சக ஆய்வாளர்களும் 14 வயதுச் சிறுமி ஒருவரின் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தார்கள். 45 இருந்தன. ஒய் இல்லை. புள்ளி இல்லாததற்குக் காரணம், தூங்குவதற்கு இரண்டாவது எக்ஸே இல்லாததுதான். ஆனாலும் அதே பார் பாடிப் பரிசோதனையை 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வீராங்கனைகளின் பாலினத்தைச் சோதிக்கப் பயன்படுத்தினார்கள்.

சிகிச்சையில் நேரம் ஏன் முக்கியம்?

வளர்ச்சி ஹார்மோன் ஊசி உயரத்தைக் கூட்டுகிறது. கனடாவில் நடந்த, ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் இறுதி உயரம் வரை ஒப்பிட்ட ஆய்வு 2005-ல் வெளியானது. கிடைத்த கூடுதல் உயரம் சராசரியாக 7 சென்டிமீட்டர். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிப்பதற்கும் பிடிக்க முடியாததற்கும் இடையில் உள்ள தூரம் அது. தினமும் ஊசி, வருடக்கணக்கில். எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்கு முன் தொடங்க வேண்டும், நான்கு முதல் ஆறு வயதுக்குள் என்றால் நல்லது.

பருவமடைய ஈஸ்ட்ரோஜன் தேவை. 11, 12 வயதில் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு மூன்று வருடங்களில் மெல்ல உயர்த்துவார்கள். உடல் இயல்பாகச் செய்வதும் அதைத்தான். இங்கே ஒரு எச்சரிக்கை. பெரியவளாகாத பெண்ணுக்கு, காரணம் தேடாமல், பெரியவர்களுக்கான ஹார்மோன் மாத்திரையை நேரடியாகக் கொடுத்துவிட்டால் ரத்தப்போக்கு வரும். வீட்டில் நிம்மதி, விழாவும் நடக்கும். ஆனால் அந்த அளவு ஈஸ்ட்ரோஜன் எலும்பின் வளர்ச்சித் தட்டுகளை வேகமாக மூடிவிடும், மிச்சமிருந்த உயரமும் போய்விடும். 13 வயதாகியும் மார்பக வளர்ச்சி தொடங்கவில்லை என்றால் மாத்திரைக்கு முன் கேரியோடைப் கேளுங்கள்.

கோலார் தங்கவயலின் ஸ்கெலட்டன் போன்ற ஒரு குடியிருப்பில் இருந்து இதையெல்லாம் எப்படிச் செய்வது? 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது, ஒரு காலத்தில் பேர் பெற்றிருந்த சுரங்க மருத்துவமனையும் அதோடு மங்கிப்போனது. இன்று மாரிக்குப்பம் ரயிலில் ஆயிரக்கணக்கானோர் வேலைக்காக பெங்களூரு போய் வருகிறார்கள், சுமார் 100 கிலோமீட்டர். சிறப்பு மருத்துவமும் அந்தத் தடத்திலேயே இருக்கிறது. இந்தப் பக்கம் வேலூர் சிஎம்சி. ஒரு நாள் கூலி இழந்து போகும் குடும்பத்துக்கு, "உயரம் கம்மியா இருக்கு" என்பது ரயில் ஏறப் போதுமான காரணமாகத் தெரியாது. "பெரியவளாகலை" என்பதுதான் ரயில் ஏற வைக்கும். பத்து வருடத் தாமதத்தின் ஒரு பகுதி அறியாமை, இன்னொரு பகுதி இந்தக் கணக்கு.

கேரியோடைப்புக்குத் தனியார் ஆய்வகங்களில் சில ஆயிரம் ரூபாய் ஆகும், முடிவுக்கு இரண்டு வாரம் வரை காத்திருக்கலாம். வளர்ச்சி ஹார்மோன்தான் பெரிய செலவு. 2021-ம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, டர்னர் சிண்ட்ரோமுக்கான வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சையைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க அதில் வழி உண்டு. பெங்களூருவில் இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனையுடன் சேர்ந்து செயல்படும் சென்டர் ஃபார் ஹியூமன் ஜெனிடிக்ஸ் அப்படி ஒரு மையம். விண்ணப்பம் அந்த மையத்தின் வழியாகத்தான் போக வேண்டும். எனவே கேரியோடைப் அறிக்கை, வளர்ச்சி வரைபடம், எக்கோ அறிக்கை ஆகிய மூன்றின் அசலையும் பத்திரமாக வைத்திருங்கள்.

உயரமும் பருவமும் சரியானதோடு மருத்துவமனையை மறந்துவிடும் பழக்கம் நிறையப் பேரிடம் உண்டு. தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றை வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். காது கேட்கும் திறனையும் சில வருடங்களுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், அது இருபது முப்பது வயதுகளில்கூட மெல்லக் குறையலாம். பெருந்தமனியை எக்கோ அல்லது எம்ஆர்ஐயில் வாழ்நாள் முழுக்க இடைவெளி விட்டு அளந்துகொண்டே இருக்க வேண்டும். குள்ளமான உடலில் 3 சென்டிமீட்டர் பெருந்தமனிகூட விரிந்ததாக இருக்கலாம் என்பதால், அளவை உடல் பரப்போடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். தானம் பெற்ற கருமுட்டை மூலம் கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்கள் அதற்கு முன்பே இந்த அளவை எடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் கர்ப்பத்தில் பெருந்தமனியின் சுவர் கிழியும் ஆபத்து இவர்களுக்கு அதிகம். மார்பிலோ முதுகிலோ திடீரென்று கடும் வலி வந்து அவசரப் பிரிவுக்குப் போனால், அங்கே இருக்கும் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை "எனக்கு டர்னர் சிண்ட்ரோம் இருக்கு" என்பது.